தண்டின் கிழக்குப் பக்கம்

ஆலங்கட்டி மொத்தம் பதினொரு நிமிடம்தான் பெய்தது. அதற்குள் கோர்ன்யா லூக்கா கிராமத்தின் மேற்குச் சரிவில் ஒரு வருஷத்து உழைப்பு தரைக்கு வந்துவிட்டது. மேட்டில் இருந்து ராக்கெட் விட்டு மேகத்தைக் கலைக்கிற நிலையத்தில் அன்றைக்கு இருந்ததே இரண்டு ராக்கெட். சுடுகிறவன் இரண்டையும் விட்டுவிட்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டான் என்று ஊரே சொல்லிச் சிரித்தது. சிரிக்க வேறு எதுவும் இல்லை. பழம் சிவந்து, பறிக்க ஆள் பேசி, பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த நேரம் அது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேற்கே இருந்து காற்றோடு சாய்வாக வந்து அடித்த அடியில் ராஸ்பெரி கூழாகி, இலை கந்தலாகி, வரிசைகளுக்கு நடுவில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது.

புதன்கிழமை முழுக்க விதோசவா நகராட்சி அலுவலகத்தில் சேத மனுக்களை வாங்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் விவசாய அதிகாரி. சேதக் குழுவில் மூன்று பேரில் அவளும் ஒருத்தி. குழு தோட்டம் தோட்டமாக நடந்து, எத்தனை சதவீதம் போயிற்று என்று எழுத வேண்டும். ஐம்பதைத் தாண்டினால் அரசாங்க உதவி உண்டு. ஐம்பதும் அதற்குக் கீழும் ஆறுதல் வார்த்தைதான். முழுக்கச் செத்தவனுக்கு ஏதோ கிடைக்கும், பாதி செத்தவனுக்குத்தான் இந்த நாட்டில் கேட்பாரில்லை.

வியாழக்கிழமை காலையில் அவள் புருஷன் மிலிசாவ் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தான். அவன் இடக்கையன். அவன் வெட்டினால் ரொட்டி எப்போதும் மறுபக்கமாகச் சரியும், அடுத்து வெட்டுகிற அவள்தான் அதை நேராக்க வேண்டும். இருபத்திமூன்று வருஷமாக இதற்கு ஒரு முடிவு வரவில்லை. அன்றைக்கு அவன் இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தான்.

"கையில என்ன?"

"மண்வெட்டிப் பிடி. கொப்புளம் கண்டுடுச்சு."

"ரெண்டு கையிலயுமா?"

"இருக்கிறதே ரெண்டு கைதானே." அவன் ரொட்டியை அவள் பக்கம் தள்ளினான். "இன்னிக்கு எங்கெங்க போறீங்க?"

"மேல் தெரு மொத்தமும். கடைசியில ததியா."

"ததியாவை முதல்லயே முடிச்சிடக் கூடாதா?"

"ஏன்?"

"சும்மாதான். வெயிலுக்கு முன்னாடி போனா காப்பி சூடா கிடைக்கும்."

"ததியா வீட்டுல காப்பி எப்பவும் சூடாத்தான் இருக்கும்."

அவன் ஜன்னல் பக்கம் போனான், திரும்பி வந்தான், மறுபடியும் போனான். "நம்ம தோட்டத்தை எப்போ பார்ப்பாங்க?"

"நாளைக்கு. பக்கத்து நகராட்சியில இருந்து வேற குழு வருது. அதுல நான் வாய் திறக்கக் கூடாது."

"அதிகாரிக்குப் புருஷனா இருந்தும் வரிசையில கடைசியா நிக்கிறவன் நான் ஒருத்தன்தான். மத்தவங்க பொண்டாட்டியெல்லாம் வீட்டுக்கு உபயோகமா இருக்காங்க."

அவன் இதை விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

குழுவின் தலைவர் ராதிவோய், நகராட்சியின் சட்டச் செயலாளர். சட்டை மடிப்பு கலையாத மனிதர். மூன்றாவது ஆள் கால்நடை மருத்துவர் ஒப்ரென். ராஸ்பெரிக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவதோடு சரி. புறப்படும் முன் ராதிவோய் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். மதிப்பிடப்படும் தோட்டக்காரர்களில் யாராவது உங்களுக்கு உறவா என்று அது கேட்டது. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், சம்பந்தி வீட்டார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

விதோசவா படிவத்தை முன்னும் பின்னும் திருப்பினாள். "இதுல கூம் எங்க இருக்கு?"

கூம் என்பவன் கல்யாணத்தில் பக்கத்தில் சாட்சியாக நின்று, பிறகு பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனாக நிற்பவன். ததியா அவள் வீட்டுக்குக் கூம்; இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் கூம் என்றும் பெண்ணைக் கூமா என்றும்தான் கூப்பிடுவார்கள். அவன் அப்பா அவள் மாமனாருக்குக் கூமாக இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் சரிவில் டிராக்டர் கவிழ்ந்தபோது அடியில் கிடந்த மிலிசாவைத் தன் முதுகு பிடித்துக்கொள்ள இழுத்து வெளியே போட்டவன் ததியாதான். அந்தக் கோடையில் மிலிசாவ் ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு வாரமும் ததியாவும் அவன் மனைவி கோசானாவும்தான் இவர்கள் தோட்டத்தையும் பறித்தார்கள். அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போவது அந்த ஊரில் வாரா வாரம் நடக்கும். கூமோடு மனஸ்தாபம் என்று யாராவது சொன்னால் மட்டும் ஜனங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"சட்டத்துல உறவுன்னா ரத்தம், கல்யாணம், ரெண்டுதான்" என்றார் ராதிவோய். "கூம் கோயில் சமாச்சாரம். கூமையெல்லாம் எழுத ஆரம்பிச்சா இந்த நகராட்சியில கையெழுத்துப் போட எவன் மிச்சம் இருப்பான்? நானே பாதி ஊருக்குக் கூம்."

கட்டம் இல்லை. அவள் 'உறவு எதுவும் இல்லை' என்பதற்கு நேரே கையெழுத்துப் போட்டாள். போட்டதிலிருந்து பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள்.

மேல் தெருவில் மூன்றாவது தோட்டம் ஸ்தோய்னாவுடையது. புருஷன் போய் எட்டு வருஷம் ஆகிறது. ஒன்பது வரிசைதான், அதையும் தனியாகவே கட்டிக் காப்பவள். விதோசவா ஐந்து இடத்தில் பத்துப் பத்துத் தண்டாகப் பிடித்து எண்ணினாள். உடைந்தது, பிழைத்தது, பழம் நின்றது என்று எண்ணி முடித்து, "நாற்பத்தஞ்சு" என்றாள்.

ஒப்ரென் அவளை வேலி ஓரமாகக் கூப்பிட்டார். "ஒரு ஆறு கூட்டிப் போட்டா என்ன? வானமா இடிஞ்சு விழுந்துடும்?"

"அது செவ்வாய்க்கிழமையே விழுந்துடுச்சு."

"தனியா இருக்கிற பொம்பளை, விதோசவா."

"இவங்களுக்கு ஆறு கூட்டினா கீழ்வீட்டுக்காரருக்கு எத்தனை கூட்டுறது? அவருக்குக் கால் வராது. அடுத்த வீட்டுல மூணு பொண்ணுங்க. எல்லாருக்கும் கூட்டிட்டா அப்புறம் நாம எதுக்கு நடக்கிறோம்? ஆபீஸ்லயே உட்கார்ந்து எழுதியிருக்கலாமே."

ஸ்தோய்னாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தும் பழப்பாகும் தண்ணீரும் கொண்டுவந்து மூவருக்கும் கொடுத்தாள். கடைசியாக விதோசவாவின் கையில் டம்ளரை வைக்கும்போது மட்டும் விடாமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டாள். "நீ பார்த்ததைத்தான் எழுதுற மகளே, எனக்கு வருத்தம் இல்லை. பார்க்காததை மட்டும் யாருக்கும் எழுதிடாதே. அப்போ வருத்தப்படுவேன்."

விதோசவா பாதித் தண்ணீரோடு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த தோட்டங்களில் அவள் வேகமாக நடந்தாள். ஒப்ரென் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தார்.

ததியாவின் வீட்டுக்குப் போனபோது மணி இரண்டு. வால்நட் மரத்தடியில் மேஜை போட்டு, அவரை சூப்பும் சோள ரொட்டியும் சுட்ட மிளகாயும் வைத்திருந்தான். நோன்புக் காலம் என்பதால் இறைச்சி இல்லை, அதற்கும் சேர்த்து ராக்கியா என்ற பழச் சாராயம் இருந்தது.

"வாங்க, வாங்க. சாவு வீட்டுக்கு வந்தா முதல்ல சாப்பிடணும், அப்புறம்தான் பொணத்தைப் பார்க்கணும்" என்றான் ததியா. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. "கூமா, என்ன இளைச்சுட்டே? என் கூம் உனக்குச் சோறு போடுறானா இல்லையா?"

"முதல்ல தோட்டத்தைப் பார்த்துடலாம் கூமே."

"பார்த்தா சாப்பிடத் தோணாது, சொல்லிட்டேன்."

ராதிவோயும் ஒப்ரெனும் உட்கார்ந்துவிட்டார்கள். விதோசவா மட்டும் தோட்டத்துக்குப் போனாள். ததியாவின் தோட்டம் மலைத்தோளுக்குப் பின்னால் இருக்கிறது. மேற்கே இருந்து வருகிற எதையும் முதலில் மலைதான் வாங்கிக்கொள்ளும். முப்பது சதவீதம் போயிருக்கும் என்று வரும்போதே கணக்குப் போட்டிருந்தாள். உள்ளே கால் வைத்ததும் திகைத்துப் போனாள். கம்பியில் கட்டியிருந்த தண்டுகள் முறிந்து தொங்கின. வரிசை வரிசையாகப் பழமும் பச்சைக் காயும் தரையில் கிடந்தன.

ஒரு தண்டைப் பிடித்துத் திருப்பினாள். மேற்குப் பக்கத்தில் மூன்று நான்கு வட்டக் காயங்கள், ஐஸ் விழுந்த குழி. இந்த மறைவுக்கு அவ்வளவுதான் இருக்கும். கிழக்குப் பக்கத்தில் இருந்த காயம் வேறு மாதிரி. நீளமாக, தோல் நசுங்கி, நார் தெரிந்தது. முள்ளில் பச்சையாகப் பட்டைத் துணுக்கு ஒட்டியிருந்தது, ஹேஸல் மரக் குச்சியின் பட்டை. செவ்வாய்க்கிழமை கிழக்கே இருந்து ஒரு கல்கூட விழவில்லை என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் தன் வீட்டுக் கிழக்குச் சுவரோரம்தான் ஒதுங்கி நின்றாள், தோள்கூட நனையவில்லை.

அவள் வரிசை வரிசையாகப் போனாள். முதல் இரண்டு வரிசையில் காயங்கள் வலமிருந்து இடமாக இறங்கின. மூன்றாவது வரிசையில் அவை மறுபக்கமாகச் சரிந்திருந்தன. நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஆறாவதிலும் அப்படியே. காலையில் வெட்டிய ரொட்டி கண்முன்னால் வந்து நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். 

மற்ற இருவரும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். ததியா பின்னால் வந்தான்.

"அறுபத்தஞ்சு போட்டுடலாமா?" என்றார் ராதிவோய்.

"எழுபதே போடலாம். பார்த்தாலே வயிறு எரியுது" என்றார் ஒப்ரென்.

"இருங்க" என்றாள் விதோசவா.

ராதிவோய் அவளைப் பார்த்தார். அவர் தொழிலில் பல முகங்களைப் பார்த்தவர். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கூம்னு சங்கடப்படுறீங்க. காலையிலயே கேட்டீங்க, புரியுது. படிவத்துக்கு அடியில கையால ஒரு வரி எழுதிட்டு ஒதுங்கிக்குங்க. நானும் ஒப்ரெனும் கையெழுத்துப் போட்டா போதும். நாளைக்கு எவனும் உங்க மேல விரல் நீட்ட முடியாது."

"அதான் சரி கூமா" என்றான் ததியா. "உன் பேருக்கு எதுக்கு வம்பு? நிழல்ல போய் உட்காரு. கோசானா காப்பி போட்டுட்டு இருக்கா."

இதைவிட அன்பாக ஒருவரிடம் பேச முடியாது. நிழலில் போய் உட்கார்ந்தால் போதும். படிவம் சுத்தமாகும், அவள் கையும் சுத்தமாகும். கூமுக்கு எழுபது கிடைக்கும், ஸ்தோய்னாவுக்கு நாற்பத்தைந்து. காபி சூடாக இருக்கும்.

அவள் காரின் முன்மூடியில் படிவத்தை வைத்து எழுதினாள். 'ததியா என் பிள்ளைகளின் ஞானத்தகப்பன். இந்தத் தோட்டத்தை மதிப்பிடும் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.' தேதி போட்டு ராதிவோயிடம் கொடுத்தாள். ததியா தலையை ஆட்டினான், அவன் தோள் இறங்கியது.

"இப்போ நான் குழுவுல இல்லை, இல்லையா?"

"இல்லை" என்றார் ராதிவோய்.

"அப்போ ராஸ்பெரி போடுறவளா ஒண்ணு சொல்றேன். ஒப்ரென், ஒரு தண்டைத் திருப்பிப் பாருங்க."

"எந்தத் தண்டை?"

"கைக்கு எது வருதோ அது. கிழக்குப் பக்கம் பாருங்க. கல்லு எந்தப் பக்கமிருந்து வந்ததுன்னு உங்களுக்கும் தெரியும்."

ஒப்ரென் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். அந்தப் பட்டைத் துணுக்கை நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகத்தில் சாப்பாட்டுக் களை மெதுவாகப் போயிற்று. "மாட்டைப் போட்டு அடிச்சிட்டு, பள்ளத்துல விழுந்துடுச்சுன்னு என்கிட்ட கொண்டு வருவாங்க" என்றார். "காயம் இப்படித்தான் இருக்கும்."

ததியா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எப்பேர்ப்பட்ட கண்ணு கூமா உனக்கு" என்றான். "அதே கண்ணால அந்த மூணாவது வரிசையில இருந்து ஆறாவது வரைக்கும் யார் அடிச்சதுன்னும் பார்த்துச் சொல்லேன். அதிகாரிங்க எழுதிக்கட்டும்."

காபித் தட்டோடு வந்துகொண்டிருந்த கோசானா நின்றாள். "வேண்டாம் ததியா."

இந்த இடத்தில் விதோசவா நிறுத்திக்கொள்வாள் என்று ததியா உறுதியாக நம்பினான். எந்தப் பெண்டாட்டியும் நிறுத்தியிருப்பாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் தோண்டப் போவதில்லை. 

"என் புருஷன்" என்றாள் விதோசவா. "இடக்கையால."

கோசானா தட்டை அப்படியே தரையில் வைத்தாள். ததியா கவிழ்த்து வைத்திருந்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தான், அது அவன் கனத்தில் நொறுங்கியது. அவன் எழுந்திருக்கவில்லை.

"டிராக்டருக்கு அடியில இருந்து அவனை இழுத்துப் போட்டது நான்" என்றான்.

"தெரியும் கூமே. அதனாலதான் நீ கூப்பிட்டதும் வந்தான்."

ராதிவோய் நீண்ட நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் முப்பது என்று எழுதினார். காரில் ஏறும்போது, "நாளைக்கு உங்க தோட்டத்துக்கு வர்றவங்ககிட்ட இதை மறைக்க முடியாது, பாருங்க" என்றார். அவர் குரலில் கோபமில்லை, சலிப்புதான் இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் எல்லாருக்கும் நல்லதாக முடிந்திருக்கும் என்ற சலிப்பு.

"மறைக்க வேண்டாம். சொல்லுங்க."

அவள் வீட்டுக்கு வந்தபோது மிலிசாவ் கொல்லையில் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிய பெட்டிகளையே மறுபடியும் கழுவினான். கையில் சுற்றிய துணி நனைந்து கழன்றிருந்தது.

"கோசானா போன் பண்ணினா" என்றான். "அழுதா. திட்டக்கூட இல்லை."

"ஏன் போனே மிலிசாவ்?"

"கூப்பிட்டான். நேத்து 'கூமே, ஒரு ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போ'ன்னான். எதுக்குன்னு அங்க போனப்புறம்தான் தெரியும். குச்சியைக் கையில கொடுத்தான். நான் என்ன பண்ணியிருக்கணும்? 'மன்னிச்சுக்க, என் பொண்டாட்டி குழுவுல இருக்கா'ன்னு சொல்லியிருக்கணுமா?"

"ஆமா."

"அவன் என் மேல இருந்த டிராக்டரைத் தூக்கினப்போ என்ன ஏதுன்னு கேட்கலை."

 அவன் செய்தது தப்பு என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அவன் இடத்தில் இருந்தால் தானும் குச்சியை வாங்கியிருப்போமோ என்ற சந்தேகம் இருந்தது. அதுதான் அவளை எரித்தது.

"பச்சைக் காயை அடிக்க எனக்கு மனசு ஒப்பலை" என்றான் அவன். "பதினஞ்சு வருஷமா அந்த வரிசையில நானும் பறிச்சிருக்கேன். நாலு வரிசைக்கு மேல முடியலை. குச்சியைப் போட்டுட்டு வந்துட்டேன். அதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அவள் கேட்க நினைக்கவில்லை. வாய் கேட்டுவிட்டது. "நம்ம தோட்டத்துல?"

"நம்ம தோட்டத்துல என்ன?"

அவள் அவன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். அவளை அப்படி அவன் என்றைக்கும் பார்த்ததில்லை. "அதிகாரி நீதானே" என்றான். "போய்ப் பாரு."

போகாமல் இருந்திருக்கலாம். போனாள். வெயில் சாய்ந்து வரிசைகளுக்குள் நேராக விழுந்தது. உடைந்த பழம் புளித்து, குளவிகள் மொய்த்தன. முதல் வரிசையில் ஒவ்வொரு தண்டாகத் திருப்பினாள். மேற்குப் பக்கம் குழி குழியாகக் காயம், கிழக்குப் பக்கம் வழவழப்பு. இரண்டாவது வரிசையும் அப்படியே. மூன்றாவதோடு நிறுத்திவிடலாம் என்று கால் நின்றது, கை நிற்கவில்லை. ஏழாவது, எட்டாவது, பன்னிரண்டாவது. முள் கீறி விரலெல்லாம் ரத்தம். பதினேழாவது வரிசையின் கடைசித் தண்டையும் திருப்பிப் பார்த்தாள். வெண்ணெய் தடவினது போல இருந்தது அதன் கிழக்குப் பக்கம். அப்படியே மண்ணில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அவன் வரிசையின் மறுமுனையில் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை.

"பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன்."

"எத்தனை வரிசை?"

பொய் சொல்லலாமா என்று அன்றைக்கு முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. "பதினேழும்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். "ஒண்ணு ரெண்டாவது பார்க்காம விட்டிருக்கலாம் விதா."

 அவன் பக்கத்தில் வந்து, அவள் கையைத் திருப்பி, விரலில் ஒடிந்திருந்த ஒரு முள்ளை நகத்தால் எடுத்துப் போட்டான். எடுத்தவுடன் கையை விட்டுவிட்டான்.

"நாளைக்கு வர்றவங்க நம்பமாட்டாங்க" என்றான்.

"தண்டைத் திருப்பிப் பார்த்தா தெரிஞ்சிடும்."

"மூணு தண்டு பார்ப்பாங்க. மிச்சத்துக்கு என் பேரைப் பார்ப்பாங்க." பிறகு கேட்டான். "நீ சொல்ல முடியாதா? எல்லாத்தையும் பார்த்தேன், சுத்தமா இருக்குன்னு?"

"முடியாது."

"ஏன்?"

"நான் உன் பொண்டாட்டி. அதுக்குப் படிவத்துல கட்டம் இருக்கு."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அந்த ஊரில் பதினேழு வரிசையும் புரட்டிப் பார்த்து மிலிசாவ் யோக்கியன் என்று தெரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான். அவள் சொல்தான் செல்லாது. அவனிடம்கூட இனி அது செல்லுமா என்று தெரியவில்லை.

அவன் இரண்டு பெட்டி கொண்டுவந்தான். பிழைத்திருந்த பழம் மறுநாளைக்குத் தாங்காது. ஒன்றை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு வரிசையின் அந்தப் பக்கம் போனான். அவள் எழுந்து இந்தப் பக்கம் பறிக்க ஆரம்பித்தாள். வழக்கமாக அவர்கள் பறிக்கும்போது வாய் ஓயாது. அன்றைக்கு அவனுடைய இடக்கை மட்டும் இலைகளுக்கு நடுவில் வந்து வந்து போயிற்று.